குற்றமே சான்று: ஊர்காண் காதை முதல் உஸ்மான் சாலை வரை

சிலப்பதிகாரத்தின் வழக்கு ஒரு மணிச்சோதனையால் முடிவு பெறுகிறது. கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். சிலம்பை உடைத்த கணத்தில் உண்மை வெளிப்பட்டது. ஆனால் அச்சோதனை நிகழ்ந்தது கோவலன் வெட்டுண்டு வீழ்ந்த பின்னர். இதனை நாம் எல்லோரும் வகுப்பறையில் படித்திருக்கிறோம். அக்கோவலனே, கொலையுண்பதற்கு முன் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் கண்டு வந்தவன் என்பதைத்தான் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் அத்தெருவை விரிவாகக் காட்டுகிறார். அதனை அடுத்தது அடைக்கலக் காதை. அதற்கும் அடுத்தது கொலைக்களக் காதை. ஒவ்வொரு மணியையும் குற்றம் ஆராய்ந்து விலை கூறிய ஊரில், ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று உரிய வேளையில் எவருக்கும் தோன்றவில்லை.

மெய்ம்மணியையும் போலியையும் பிரித்தறியும் வழிகளை, நம் இலக்கியம் கூறுவனவற்றோடும், இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் நாம் காணும் நடைமுறையோடும் ஒப்பவைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலருக்கு இது புறம்பான பொருள் என்று சிலர் கருதக்கூடும். வீட்டில் ஒரு திருமணம் உறுதியானால் நகைக்கடைப் படி ஏறாத குடும்பம் நம்மிடையே இல்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்காகவோ மருத்துவச் செலவிற்காகவோ அதே நகையை எடுத்துக்கொண்டு அதே படியில் மீண்டும் ஏறும் குடும்பங்களும் பல. அவ்விரண்டாம் முறைதான் கல்லின் உண்மை பலருக்குத் தெரிய வருகிறது. கண்ணகியின் சிலம்பைப் போலவே, காலம் கடந்து.

ஊர்காண் காதை கூறும் குற்றங்கள்

அடிகள் வைரத்திற்குக் கூறும் குற்றங்கள் நான்கு: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கையின் அடிபோல் கிளைத்த கீறல் காகபாதம்; கறை களங்கம்; புள்ளி விந்து; கோடு ஏகை. மாணிக்கத்தைப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என நால்வகைச் சாதியாகப் பகுக்கிறார். முத்துக்குக் காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் வரும் குற்றங்களையும், பவளத்திற்கு உள்துளை, இடையிற் கல், முறுக்கு ஆகிய குற்றங்களையும் கூறுகிறார். அடியார்க்கு நல்லார் தம் உரையில் இவற்றுக்கு மணிநூற் செய்திகளைக் கொண்டு விளக்கம் தருகிறார். அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தை 1892-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்திராவிட்டால் இந்தக் கலைச்சொற்களில் பாதி நமக்கு விளங்கியிராது. அவர் பெயரால் 1943-இல் தோன்றிய நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. நம் மாணவர்கள் ஒருமுறையேனும் சென்று காணத்தக்கது.

இடையில் ஒரு சொல்லாராய்ச்சி. விந்தம் என்பதற்குக் குருவிந்தம் எனப் பொருள் கூறுவர். சிவப்புக் கல்லும் நீலக் கல்லும் உண்மையில் ஒரே கனிமம், அலுமினிய ஆக்சைடு. அதில் குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அக்கனிமத்தை இன்று உலகெங்கும் கொரண்டம் என்றே கல்லியலார் அழைக்கின்றனர். அச்சொல் நம் ‘குருந்தம்’ என்பதிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. பாடநூலில் இதனை ஆங்கிலச் சொல்லாகப் படிக்கும் நம் மாணவர்கள், அது தம் வீட்டுச் சொல் என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

இனி நாம் வலியுறுத்த விரும்பும் கருத்துக்கு வருவோம். அடிகள் கூறும் குற்றங்கள் போலியின் அடையாளங்கள் அல்ல. மெய்யான மணிக்குள் இயற்கையாக அமைந்த குறைகள். அக்காலத்தில் குற்றமற்ற மணியே உயர்ந்தது. இன்றும் விலை அவ்வாறே. ஆனால் மெய்ம்மையை அறியும் முறை தலைகீழாகிவிட்டது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையின் கீழ் சிறு மாசும் மறுவும் இல்லாமல் தகதகக்கும் பெரிய சிவப்புக் கல்லைக் கண்டால், கல் தேர்ந்தவர் மகிழ்வதில்லை, ஐயுறுகிறார். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து விளைந்த கல்லுக்கு ஏகையும் விந்துவுமே பிறப்புச் சான்றிதழ். குற்றமே இன்று சான்று.

அக்குற்றத்திலும் வகை அறிதல் வேண்டும். 1902-இல் ஆகுஸ்ட் வெர்னேய் என்ற பிரெஞ்சு அறிஞர், அலுமினிய ஆக்சைடுப் பொடியைக் கடுந்தீயின் வழியே சொட்டுச் சொட்டாக உருக்கி விழச்செய்து செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். பொருளால் அது மாணிக்கமே. கடினமும் எடையும் ஒளியும் ஒன்றே. ஆனால் உருகிய துளி ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்து படிவதால் அதன் உள்ளே தோன்றும் கோடுகள் பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல் வளைந்திருக்கும். இயற்கையில் விளைந்த கல் தட்டையான முகங்களோடு வளர்வது. ஆதலின் அதன் வளர்ச்சிக் கோடுகள் நேராகச் சென்று கோணத்தில் மடங்கும். நுண்ணிய ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டு நூல் போலக் கிடப்பதும் இயற்கைக் கல்லில் உண்டு. நேர் ஏகை இயற்கை. வளை ஏகை செயற்கை. வெறும் கண்ணாடியாயின் உருண்டைக் காற்றுக்குமிழிகளும், பாகு சுழன்றது போன்ற சுழிகளும் காணப்படும். பட்டைகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். கையில் எடுத்தால் கல்லுக்குரிய குளிர்ச்சி தோன்றாது.

இந்த 1902 என்ற ஆண்டை நினைவிற் கொள்வது நல்லது. பாட்டி காலத்து நகை, ஆகவே கல் மெய்யாகத்தான் இருக்கும் என்பது நம் வீடுகளில் நிலவும் நம்பிக்கை. எம் குடும்பத்திலும் இரங்கூனிலிருந்து வந்த பர்மாச் சிவப்பு என்று மூன்று தலைமுறையாகப் போற்றிய பதக்கக் கல் ஒன்று உண்டு. கல் பார்க்கத் தெரிந்த உறவினர் ஒருவர் கைவில்லையில் நோக்கி, வளைந்த வரிகளைக் காட்டினார். செயற்கைச் சிவப்புகள் முதல் உலகப் போருக்கு முன்பே கீழை நாடுகளின் சந்தைகளை அடைந்துவிட்டவை. பழமை நகைக்குச் சான்றாகலாம், கல்லுக்கு ஆகாது.

சாயம் ஏற்றுதல்

கல்லுக்குச் சாயமேற்றுவது நேற்றைய தந்திரம் அன்று. கி.பி. 79-இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி தம் நூலில், இந்தியர் படிகத்திற்கு நிறமேற்றிப் பல மணிகளைப் போலச் செய்கின்றனர். சிறப்பாகப் பெரில் எனும் பசுநீலக் கல்லை அவ்வாறு செய்கின்றனர் என்று குறிக்கிறார். அப்பெரில் நம் கொங்கு நாட்டில், காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பகுதியில் கிடைத்தது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்த கொடுமணலில், பெரில், நீலம், படிகம் முதலிய கற்களை அறுத்துப் பட்டை தீட்டித் துளையிட்ட தொழிற்கூடத்தின் தடயங்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் முடிபு. மெய்ம்மணிக்கு உலகப்புகழ் பெற்ற மண்ணிலிருந்து சென்ற சரக்கோடு போலியும் கப்பலேறியிருக்கலாம் என்று எண்ணும்போது பெருமிதத்தோடு சிறிது நாணமும் தோன்றுகிறது. எங்கே மெய்ப்பொருளுக்கு விலை உயர்கிறதோ அங்கே போலியும் பிறக்கும்.

படிகத்தைச் சூடாக்கிக் குளிர்ந்த சாயநீரில் அமிழ்த்தினால் கல்லில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். சாயம் அவற்றுள் இறங்கும். இம்முறை இன்றும் உண்டு. இதனை அறிவது பெரும்பாலும் எளிது. மெய்யான நிறம் கல் முழுதும் பரவியிருக்கும். சாயமோ வெடிப்புகளில் வலைபோல் தேங்கியிருக்கும். மணிமாலையாயின் துளையின் வாயில் நிறம் அடர்ந்து காணப்படும். வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பின்னிருந்து விளக்கொளி பாய்ச்சிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். நகப்பூச்சை அகற்றும் அசிட்டோனில் பஞ்சை நனைத்து வெளித்தெரியாத ஓரிடத்தில் மெல்லத் தேய்த்தால் மலிவான சாயம் பஞ்சில் ஒட்டும். ஹௌலைட் என்ற வெண்கல்லுக்கு நீலச் சாயமேற்றி ஃபைரூஸ் என்றும், மூங்கில் பவளம் எனப்படும் மலிவான பவளத்திற்குச் செஞ்சாயமேற்றிச் செம்பவளம் என்றும் விற்பனவெல்லாம் இச்சோதனையில் பெரும்பாலும் பிடிபடும். முத்துக்கு இச்சோதனை வேண்டா. முத்தைப் பல்லின் நுனியில் மெல்ல உரசினால் மெய்ம்முத்து மணல்போல் நெருடும். கண்ணாடி முத்து வழுக்கும். ஆனால் வளர்ப்பு முத்தும் நெருடவே செய்யும். அதனைக் கடல்முத்திலிருந்து பிரிக்க ஊடுகதிர்ப் படம் வேண்டும்.

நீலக்கல்லைப் பாலில் இட்டால் பால் நீலமாக வேண்டும் என்றொரு சோதனையை ராசிக்கல் விற்போர் இன்றும் செய்து காட்டுகின்றனர். நல்ல நீலம் பாலுக்கு நிறம் கொடுக்காது. பாலின் நிறத்தை உண்மையாகவே மாற்றுவது எதுவென்றால் சாயம் கழன்ற போலிதான்! மெய்யென்று காட்டச் செய்யும் சோதனையில் பொய்யே தேர்ச்சி பெறும் விந்தை இது.

அல்பிரூனியின் தராசு

இத்தகைய கேள்விச் செய்திகளைச் சோதிக்காமல் ஏற்க மறுத்த ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். பதினோராம் நூற்றாண்டினரான அல்பிரூனி இந்தியாவைப் பற்றிய நூலால் நமக்கு அறிமுகமானவர். மணிகளைப் பற்றியும் ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்ற பெருநூல் இயற்றியவர் அவர். மரகதத்தைக் கண்டால் நச்சுப்பாம்பின் கண் உருகிப்போகும் என்று அக்கால நூல்கள் கூறின. அல்பிரூனி பாம்பின் கழுத்தில் மரகத மாலை சூட்டியும், அதன் முன் மரகதத்தை ஆட்டியும், ஒன்பது மாத காலம் வெயிலிலும் குளிரிலும் சோதித்தார். பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. நூலில் இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை நம்பும் வழக்கம் நம் ஆராய்ச்சி மாணவரிடையே இன்னும் இருப்பதால் இதனைச் சற்று விரித்துக் கூறினோம்.

அவருடைய பெரும்பணி எடையைப் பற்றியது. ஒரே பருமனுள்ள வெவ்வேறு மணிகளின் எடை வேறுபடும் என்பதை அளந்து, நீலக்கல்லை அளவுகோலாக வைத்து அட்டவணை செய்தார். 1121-இல் அல்காஸினி எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற நூல் நீரில் அமிழ்த்தி எடையிடும் தராசை விளக்கி, மெய்யையும் போலியையும் பிரிக்க அதனைப் பயன்படுத்தக் கற்பிக்கிறது. அம்முறை இன்றும் மாறவில்லை. கல்லை முதலில் காற்றில் எடையிட வேண்டும். பின் நூலிற் கட்டி நீரில் தொங்கவிட்டு எடையிட வேண்டும். குறைந்த எடையால் முதல் எடையை வகுத்தால் கிடைப்பது அதன் ஒப்படர்த்தி. 5 காரட், அதாவது 1 கிராம், எடையுள்ள சிவப்புக் கல் நீரில் 0.25 கிராம் இழந்தால் விடை 4, அது குருந்தம். அதே எடையுள்ள கல் 0.40 கிராம் இழந்தால் விடை 2.5, அது பெரும்பாலும் கண்ணாடி. படிகத்திற்கு 2.65, ஸ்பினெல் என்ற வேறொரு செங்கல்லுக்கு 3.6, வைரத்திற்கு 3.52. வைரம் போல் விற்கும் சிர்கோனியாவுக்கு ஏறத்தாழ 6. கைக்கே கனம் தெரியும். மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தால் நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்திலேயே இதனைச் செய்து பார்க்கலாம். செயற்கை மாணிக்கத்திற்கும் விடை 4 என்றே வரும் என்பதை மறத்தல் கூடாது. ஏகையைப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

ஸ்பினெல் பற்றி ஒரு சொல். பதக்‌ஷான் மலைச் செங்கல் யாகூத் அன்று, அதனினும் மென்மையான வேறு கல் என்று அல்பிரூனி பிரித்துக் கூறினார். ஐரோப்பாவில் இவ்வேறுபாடு அறிவியல்முறையில் நிலைபெறப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆயிற்று. இங்கிலாந்து மணிமுடியில் மாணிக்கம் என்று பெயர் பெற்று விளங்கும் பெருங்கல் உண்மையில் ஸ்பினெல்தான்.

மயிலாப்பூரின் கட்டடம்

தராசும் நீரும் கல் தனியாகக் கையில் இருக்கும்போதே உதவும். நகையில் பதித்துவிட்டால்? மயிலாப்பூர் வடக்கு மாடவீதி வட்டாரத்துக் கடைகளில் தொங்கும் நாட்டிய நகைகளைப் பார்த்தால் இச்சிக்கல் விளங்கும். ராக்கொடி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, சடைநாகம், வங்கி, ஒட்டியாணம் என்று செக்கச்செவேலென ஒளிர்வன அனைத்தும் கெம்பு பதித்தவை. கெம்பு என்பது செம்மையைக் குறிக்கும் கன்னடச் சொல்; முன்னாளில் மாணிக்கத்தையே குறித்தது. கோயில்களிலும் அரண்மனைகளிலும் இருந்த பழைய அணிகளில் பதித்தவை மெய்யான சிவப்புகளே. அவ்வடிவம் கோயிலிலிருந்து மேடைக்கு வந்தபோது, பொன் வெள்ளியாகியும் செம்பாகியும் மாறியது. மாணிக்கம் நிறக்கண்ணாடியாக மாறியது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் இத்தொழில் இன்றும் நடைபெறுகிறது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. கல்லின் அடியில் ரேக்கு வைத்து, பின்புறம் மூடி, ஓரங்களில் தங்கத் தகட்டை அழுத்திக் கட்டுவர். அடியில் இருக்கும் ரேக்கு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கண்ணாடியும் மாணிக்கமாகிறது.

இதனைப் போலி என்று நாம் இகழ மாட்டோம். நாட்டியம் ஆடும் மாணவி கண்ணாடி என்று அறிந்தே, கண்ணாடிக்குரிய விலை கொடுத்து வாங்குகிறாள். விற்பவரும் மாணிக்கம் என்று கூறுவதில்லை. இங்குப் பொய் இல்லை. அதே மூடு கட்டடத்தில் அதே கல்லைப் பதித்து, பழைய அரண்மனைக் கெம்பு என்று மாணிக்க விலை சொன்னால் அங்கே பொய் பிறக்கிறது. கல் மாறவில்லை, பெயர் மாறிற்று.

மயிலாப்பூரின் மற்றோர் அடையாளம் ஏழுகல் வைரத்தோடு. பழைய குடும்பங்களில் புளூ ஜாகர் என்ற சொல்லைப் பெருமையோடு கூறுவர். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்து வைரம் என்பது அதன் பொருள். பகல் வெளிச்சத்தில் இலேசான நீலச்சாயல் காட்டுவது அதன் சிறப்பு. கதிரவனின் புறஊதாக் கதிர் பட்டு வைரம் உமிழும் ஒளியே அந்நீலம். அச்சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. ஆகவே புதிதாகத் தோண்டிய புளூ ஜாகர் என்று இன்று எவரேனும் கூறினால், அது நீலச்சாயல் கொண்ட வேறோரிடத்து வைரம் என்றே கொள்ளல் வேண்டும். இத்தோடுகளும் பின்புறம் மூடியவை. உள்ளிருப்பதன் நிறமும் எடையும் ஊகமே. கட்டடத்தைப் பிரித்துக் கல்லை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. அவ்வாறு பிரிக்கும்போது கல் மாறிவிடுமோ என்று அஞ்சி, பத்தரின் எதிரிலேயே அமர்ந்திருக்கும் பழக்கம் நம் மூதாட்டிகளுக்கு உண்டு. அது ஐயத்தின் விளைவன்று, அறிவின் விளைவு. சிலம்பை உடைத்துப் பார்க்கக் கேட்டவளும் ஒரு பெண்தானே!

உஸ்மான் சாலையில்

1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முகம்மது உஸ்மானின் பெயர் தாங்கிய சாலை இன்று தங்கத்தின் மறுபெயராகிவிட்டது. இச்சாலைக்கு நகை வாங்கச் செல்லும் நம்மவர்க்கு ஏற்படும் இழப்பு பெரும்பாலும் கல்லின் மெய்ப்பொய்யால் வருவதன்று; கல்லின் எடையால் வருவது. கல் வைத்த ஆரத்தை மொத்தமாக எடையிட்டு, மொத்த எடைக்கும் தங்க விலை போட்டால், கண்ணாடியும் அரக்கும் தங்க விலைக்கு விலைபோகின்றன. அதே நகையை விற்க வரும்போது கல் எடை கழிக்கப்படுகிறது. வாங்கும்போது பொன்னாயிருந்த கல், விற்கும்போது வெறுங்கல்லாகிவிடுகிறது. 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கே உரியது. கல்லைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. முத்திரை இருக்கிறதே என்று கல்லையும் நம்பிவிடுவது பெருந்தவறு. பற்றுச்சீட்டில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை, கல்லின் விலை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குதல் வேண்டும்.

கல்லிலும் புதிய தந்திரங்கள் வந்துள்ளன. 2004 வாக்கிலிருந்து, வெடிப்புகள் மலிந்த தாழ்ந்த மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி, தெளிந்த மாணிக்கம் போல் விற்கின்றனர். கல்லும் மெய், நிறமும் மெய், தெளிவு மட்டும் பொய். இதனை மெல்ல அசைத்துப் பார்த்தால் வெடிப்பின் தளத்தில் நீலமாக ஓர் ஒளி மின்னி மறையும். உள்ளே தட்டையான குமிழிகள் தெரியும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அக்கண்ணாடி அரிக்கப்படக்கூடும்; பத்தரின் பட்டறை அமிலத்தைக் கேட்க வேண்டியதில்லை. மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றுவது பழைய வழக்கம். வணிகர் பலரும் அறிந்து ஏற்றுக்கொண்டது. நிறமற்ற எண்ணெயைப் பொறுக்கலாம். பச்சை எண்ணெய் சாயமே. இலங்கைக் கற்களைத் தீயிலிட்டு நிறம் திருத்தும் வழக்கமோ அரபு நூலார் காலத்திலேயே அறியப்பட்டது. கீழக்கரை, காயல்பட்டினம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இரத்தினபுரியிலும் பேருவளையிலும் கல் வாங்கியவர்கள். சுட்ட கல்லையும் சுடாத கல்லையும் பிரித்து விலை பேசுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

மறைத்தலும் கூறுதலும் பற்றி நம் மார்க்கம் கொண்டுள்ள நிலை தெளிவானது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கூறிய செய்தி சஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் கூறவில்லை என்பது கருதத்தக்கது. ஈரத்தை மேலே வைத்து விற்கச் சொன்னார்கள். கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை விற்பதும் அவ்வாறே. நிரப்பியதைச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் குற்றமில்லை.

இந்த அளவுகோலை நமக்குள்ளும் வைத்துப் பார்த்தல் வேண்டும். பெருநாள் காலங்களில் பள்ளிவாசல்களின் அருகே வெள்ளி மோதிரத்தில் பதித்த அகீக் கற்கள் விற்கப்படுகின்றன. யமன் நாட்டு அகீக் என்று கூறுவோரும் உண்டு. அவற்றுட் பல, வெளிறிய அகேட் கல்லை இரும்பு உப்பில் ஊறவைத்துச் சுட்டுச் சிவப்பாக்கியவை. இச்சிவப்பு பஞ்சிலும் ஒட்டாது, அசிட்டோனிலும் கரையாது; ஏனெனில் இயற்கைச் சிவப்பிற்கும் காரணம் அதே இரும்புதான். ஆகவே வீட்டில் கண்டுபிடிப்பது அரிது. எங்கும் ஒரே சீராக, ஆழ்ந்த ஒரே சிவப்பாக இருந்தால் ஐயுறலாம், அவ்வளவே. நபியவர்களின் மோதிரம் வெள்ளியாலானது, அதன் கல் அபிசீனியாவைச் சேர்ந்தது என்று ஹதீஸில் வருகிறது. அந்த அன்பினால் மோதிரம் வாங்கும் எளியவரிடம் நாட்டின் பெயரைப் பொய்யாகச் சொல்லிக் கூடுதல் விலை பெறுவதை, உஸ்மான் சாலைத் தவறுகளைவிடக் கடுமையானதாகவே நாம் கருதுகிறோம்.

அடையாற்றுக்கு அருகே

எல்லாச் சோதனைகளும் தோற்கும் ஓரிடம் இறுதியாக உள்ளது. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் போலியன்று, கரிமமே. மிக உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஒரு முறை. மீத்தேன் வளியிலிருந்து சிறு வைரவித்தின்மேல் கரிமத்தைப் படியவைப்பது மற்றொரு முறை. மூச்சுவிட்டுப் பனித்திரை எவ்வளவு விரைவில் கலைகிறது என்று பார்க்கும் பழைய சோதனையிலும், கடைகளில் உள்ள வெப்பமுனைக் கருவியிலும் இது வைரம் என்றே தேர்ச்சி பெறும். கைவில்லையும் பெரும்பாலும் உதவாது. இயற்கை வைரங்களுட் பெரும்பாலானவற்றில் உள்ள நைட்ரஜன் அணுத்திரள்களைக் கதிர்ப்பட்டைக் கருவிகளால் அறிந்தும், வளர்ச்சிக் கோலத்தைப் புறஊதா ஒளியிற் கண்டுமே ஆய்வகத்தார் பிரிக்கின்றனர். இங்கும் இயற்கையைக் காட்டிக்கொடுப்பது அதன் மாசுதான் என்பதைக் காண்க. 2023-இல் மைய அரசு, வளர்ப்பு வைர ஆராய்ச்சிக்கென ஐந்தாண்டுகளுக்கு ரூ. 242.96 கோடி மதிப்பீட்டில் ஒரு மையத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைக்க ஒப்புதல் அளித்தது. ஏழுகல் தோட்டின் ஊருக்கும் அம்மையத்துக்கும் இடையே சில கிலோமீட்டர்களே.

இவ்விடத்தில் தமிழ்த்துறைக்கு ஒரு பணி இருக்கிறது. நகைக்கடைப் பற்றுச்சீட்டுகளிலும் விளம்பரங்களிலும் செயற்கை, போலி, இமிடேஷன், ஆர்ட்டிபிஷியல் என்ற சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கப்படுகின்றன. வாங்குவோர் ஏமாறுவது இச்சொற்குழப்பத்தாலும்தான். நாம் பின்வருமாறு வரையறுக்கலாம் எனக் கருதுகிறோம். மணியின் பொருளே இல்லாத கண்ணாடி, சிர்கோனியா போன்றவற்றைப் போலி மணி என்க. அதே பொருளை மனிதர் ஆக்கியிருந்தால், வளர்ப்பு முத்தைப் போல, வளர்ப்பு மாணிக்கம், வளர்ப்பு வைரம் என்க. இயற்கைக் கல்லின் நிறமோ தெளிவோ திருத்தப்பட்டிருப்பின் சுட்டது, சாயமேற்றியது, எண்ணெயேற்றியது, கண்ணாடி நிரப்பியது என்று செய்த செயலையே பெயராக்குக. எதுவும் செய்யாத கல்லை மட்டும் அடைமொழியின்றி மாணிக்கம், நீலம், மரகதம் என்க. மணிகளின் நால்வகைச் சாதிக்கும் நான்கு பெயர் வைத்திருந்த மொழிக்கு இது அரிய செயலன்று. இப்போது பெரும்பாலான பற்றுச்சீட்டுகளில் ‘கல்’ என்ற ஒரு சொல்லும் அதன் எதிரே ஒரு தொகையும் மட்டுமே காணப்படுகின்றன. நகை வாங்கச் செல்லும் நம் மாணவர்கள் அந்த ஒரு சொல்லின் முன்னால் என்ன கல் என்பதையும் எழுதித் தருமாறு கேட்டு வாங்கட்டும். எழுதத் தயங்கும் கடையில் கல் வைக்காத நகையை வாங்கிக்கொண்டு வரலாம்.